மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும் காய்ச்சலை மாத்திரை போட்டு மறைக்காதீர்கள்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல் அடித்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முதலில் மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் 650. அதில் நிற்காவிட்டால் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. ஊசி போட்ட அன்று காய்ச்சல் இறங்கிவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் மூச்சு வாங்கும். “சளி பிடிச்சிருக்கும், ஆபரேஷன் பண்ண உடம்பு அப்படித்தான் இருக்கும்” என்று ஆவி பிடிக்க வைப்பார்கள். நோயாளி முன்னுக்குப் பின் முரணாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் 108-ஐக் கூப்பிடுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்பார்: “என்ன ஆபரேஷன்? எத்தனை நாளாச்சு?” கூட வந்த மருமகனுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் காகிதம் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

நேர் எதிரான கூட்டமும் உண்டு. ஆபரேஷன் முடிந்த அன்று இரவே உடம்பு சுடுகிறது என்று நர்ஸிடம் சண்டைக்குப் போவார்கள். “இன்னும் பெரிய ஆன்டிபயாடிக் போடுங்க” என்று டாக்டரை நெருக்குவார்கள். இதே ஆட்கள்தான் ஏழாம் நாள் வீட்டில் காய்ச்சல் வரும்போது, “ரிவ்யூ தேதி வர்ற திங்கள்தானே, அப்ப சொல்லிக்கலாம்” என்று உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் காய்ச்சலுக்குப் பதறுவதும் ஏழாம் நாள் காய்ச்சலுக்கு அசட்டையாக இருப்பதும் தலைகீழான வழக்கம். இதை மாற்றிக்கொள்ளாததால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போகின்றன.

உடம்பு ஏன் கொதிக்கிறது, எப்போது தணிய வேண்டும்

இரைப்பையை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ எடுத்து, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, உணவுக்குழாயையோ மிச்சமுள்ள இரைப்பையையோ சிறுகுடலோடு இணைத்துத் தைப்பது பல மணி நேர வேலை. இத்தனை திசு வெட்டுப்படும்போது உடம்பு சும்மா இருக்காது. காயம்பட்ட இடத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞைகளால் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஏறுகிறது. அதன் தூண்டுதலில் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தைத் தயாரித்து வெளியே விடுகிறது. வெள்ளணுக்கள் கூடும், நாடி வேகமாகும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறலாம். இதற்குப் பெயர் அழற்சி. ஒரு கிருமிகூட உள்ளே நுழையாமலே இது வரும், காயம் ஆறுவதற்கும் இது வேண்டும். முதல் இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆனால் இதற்கு ஒரு கெடு உண்டு. சி.ஆர்.பி. அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்க வேண்டும். ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். கல்லீரல் புதிதாகத் தயாரிப்பதைக் குறைத்துவிட்டால் அளவு மளமளவென்று சரியும். விறகை இழுத்துவிட்ட அடுப்பு தானாகத் தணிவதைப் போலத் தணிய வேண்டும். மறுபடி எரிகிறது என்றால் உள்ளே புது விறகு விழுந்திருக்கிறது.

அந்தப் புது விறகு என்னவாக இருக்கலாம்? இணைத்துத் தைத்த இடத்தில் கசிவு. உதரவிதானத்துக்குக் கீழே சீழ்க்கட்டு. கணையத்தை ஒட்டி நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் கணைய நீர் ஒழுகுதல். நிமோனியா. தையல் போட்ட காயத்தில் சீழ். சிறுநீர்த் தொற்று. ஊசி போட்ட நரம்பில் புண். காலில் ரத்தக்கட்டு. இவற்றில் அதிகம் பயப்பட வேண்டியது இணைப்பில் ஏற்படும் கசிவுக்குத்தான். அது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும், அதற்குப் பிறகும் வரலாம். நோயாளிகள் ஒரு வாரம், பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆபத்தான நாட்களில் ஒரு பகுதி உங்கள் வீட்டில்தான் கழிகிறது, அங்கே மானிட்டரும் இல்லை, ட்யூட்டி டாக்டரும் இல்லை.

எண்களைப் படிக்கும் முறை

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட புரதம் இந்த சி.ஆர்.பி. இன்று தாலுகா ஊர் லேபில்கூட இதைப் பார்க்கலாம். ஆகவே “வசதியில்லை” என்ற சாக்கு செல்லாது.

நலமாக உள்ளவருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். இந்த அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் 100, 150 என்று நிற்பது அதிசயமில்லை. வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்தவர்களைவிட லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தவர்களுக்குப் பொதுவாகக் குறைவாக ஏறும். மூன்றாம், நான்காம் நாளில் 150-ஐத் தாண்டி, இறங்கும் குறியே இல்லாமல் நின்றால் சர்ஜன்கள் சந்தேகப்பட்டு ஸ்கேன் பக்கம் திரும்புவார்கள். எல்லோரும் ஒரே எல்லைக்கோட்டை வைத்துக்கொள்வதில்லை, மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசைதான் பெரிது. 180-லிருந்து 110-க்கு இறங்கியவர் தேறிவருகிறார். 90-லிருந்து 160-க்கு ஏறியவரைப் பற்றிக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும். சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஆஸ்பத்திரியில் 150 என்று இருந்தது வெளி லேபில் 16 என்று வந்ததும் “அப்பாடா, இறங்கிருச்சு” என்று நோயாளியைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அந்த 16 டெசிலிட்டர் கணக்கு என்றால் அது 160. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகையும் பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேப்காரரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கு 1991-இல் அமெரிக்க மருத்துவ நிபுணர்கள் கூடி வகுத்தது. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அல்லது 96.8-க்குக் கீழ், நாடி நிமிடத்துக்கு 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். இந்த நான்கில் இரண்டு இருந்தால் உடம்பு முழுவதும் அழற்சி பரவியிருக்கிறது என்று பொருள். பெரிய ஆபரேஷனுக்கு மறுநாள் பலருக்கும் இரண்டு இருக்கும், அதனால் அது மட்டுமே நோய் ஆகிவிடாது. ஆனால் ஐந்தாம் நாள், எட்டாம் நாள், வீட்டில், இந்த நான்கில் இரண்டு வந்தால் அது “ஆபரேஷன் சூடு” இல்லை. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை தடம்புரண்டு சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று உறுப்புகளே பாதிக்கப்படும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். அங்கே நாள் கணக்கு பார்க்க நேரமில்லை, மணிக் கணக்குதான்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள்

தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது தெர்மாமீட்டர் ஆகாது. காலை, மாலை இரண்டு வேளையும் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் எழுதுங்கள். நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை, அவருக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுங்கள். சிறுநீர் எவ்வளவு போனது, எதைச் சாப்பிட்டார், வாந்தி உண்டா என்று பக்கத்தில் ஒரு வரி. பாராசிட்டமால் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்று அதையும் எழுதுங்கள். அறுவை நடந்த நாளிலிருந்து ஒரு மாதம் இதை விடாமல் செய்யுங்கள்.

நாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை. இணைப்பில் கசிவு வந்தால் பல சமயம் முதலில் எகிறுவது நாடிதான், காய்ச்சல் பின்னால் வரும். வயதானவருக்கு, சர்க்கரை நோயாளிக்கு, ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். “காய்ச்சலே இல்லையே” என்பது அவர்கள் விஷயத்தில் ஆறுதல் ஆகாது. படுத்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் ஓடி, ஒரு மணி நேரம் கழித்து எண்ணினாலும் அப்படியே இருந்தால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

மூன்றாம் நாளுக்குப் பிறகு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது குளிர் நடுக்கம்.

குறைந்துவந்த வயிற்றுவலி மறுபடி கூடுதல். வயிறு உப்பிக் கல் போல இறுகுதல்.

மூச்சு வாங்குதல், இடப்பக்கத் தோள்பட்டையில் வலி, நிற்காத விக்கல். உதரவிதானத்துக்குக் கீழே சீழ் கட்டினால் இப்படித்தான் வெளியே தெரியும். ஆவி பிடித்தால் போகாது.

ட்ரெயின் டியூபில் வரும் நீர் நிறம் மாறுதல். தெளிவாக வந்தது கலங்கலாக, பச்சையாக, பால் போல, துர்நாற்றத்தோடு, அல்லது ரத்தமாக வந்தால்.

தையல் காயத்தில் சீழ், சிவப்பு, பிளவு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்.

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம்.

சிறுநீர் வெகுவாகக் குறைதல், குழப்பமான பேச்சு, எழுப்ப எழுப்பத் தூக்கம்.

கட்டாயம் செய்யக்கூடாதவை

காய்ச்சலை அளந்து எழுதாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் கெட்ட மருந்தில்லை, வலிக்கு டாக்டரே எழுதித் தந்திருப்பார். அது காய்ச்சலையும் சேர்த்து மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். மாத்திரை போடும் முன் அளந்தால் போதும்.

தெருமுனை ஊசி வேண்டவே வேண்டாம். பல இடங்களில் அந்த ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் இருக்கும். ஸ்டீராய்டு அழற்சியின் வெளி அடையாளங்களை எல்லாம் அமுக்கிவிடும். காய்ச்சல் போகும், வலி போகும், பசிகூட எடுக்கும். சீழ் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்துகள் புதிதாக இணைத்த இடத்தில் புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். திரும்பவும் சொல்கிறேன்: ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாமல் ஓர் ஊசிகூடப் போடாதீர்கள்.

மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடி எடுத்துப் போடாதீர்கள். உள்ளே கசிவு இருந்தால் மாத்திரை அதை அடைக்காது. ரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை எடுக்கும்போது எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதையும் அது கெடுத்துவிடும்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். “முட்டை, மீன் சாப்பிட்டா புண்ணு சீழ் வைக்கும்” என்று பெரியம்மாவும் அத்தையும் சொல்வார்கள். அழற்சி நடக்கும் உடம்பு தன் தசையையே கரைத்துப் புரதம் எடுக்கிறது. அந்த நேரத்தில் கஞ்சித்தண்ணி மட்டும் கொடுத்தால் காயம் எதைக்கொண்டு ஆறும்? இரைப்பை இல்லாதவருக்கு ஒரே வேளையில் நிறையக் கொடுக்கவும் முடியாது. ஆறு, ஏழு தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று டாக்டர் அனுமதித்த கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள். வயிற்றோரம் உணவு டியூப் போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு அலசுங்கள், மாத்திரையை நுணுக்கி அதில் போடும் முன் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வாங்காமல் நகரக்கூடாத காகிதங்கள்

இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொண்டாலும் சரி. பில் கட்டும் அவசரத்தில், ஆட்டோ நிற்கிறது என்ற அவசரத்தில், மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பாதிக் கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் அறுவை நடந்த தேதி இருக்க வேண்டும். இரைப்பை முழுதாக எடுக்கப்பட்டதா, பகுதியாகவா என்று இருக்க வேண்டும். எதை எதோடு இணைத்தார்கள் என்று இருக்க வேண்டும். மண்ணீரலையோ கணையத்தின் பகுதியையோ சேர்த்து எடுத்திருந்தால் அதுவும் இருக்க வேண்டும், ஏனென்றால் மண்ணீரல் எடுத்தவருக்குத் தடுப்பூசிகள் தனியாக உண்டு. டியூப் எதுவும் உள்ளே இருக்கிறதா, எப்போது எடுப்பார்கள் என்பதும் வேண்டும்.

இரண்டு, ஆபரேஷன் குறிப்பின் நகல். வேறு ஊர் சர்ஜன் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் அப்பாவைப் பார்க்க நேர்ந்தால் அவருக்குக் கை கொடுப்பது இந்த ஒரு தாள்தான்.

மூன்று, ரத்தப் பரிசோதனைகளின் தேதிவாரிப் பட்டியல். குறிப்பாகக் கடைசியாக எடுத்த சி.ஆர்.பி., வெள்ளணு, ஹீமோகுளோபின், ஆல்புமின், கிரியேட்டினின். டிஸ்சார்ஜுக்கு முந்தைய சி.ஆர்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். எடுக்கவே இல்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

நான்கு, ஸ்கேன் சிடி அல்லது ஃபிலிம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, புதிய ஸ்கேனோடு ஒப்பிடப் படம் வேண்டும்.

ஐந்து, வெட்டி எடுத்த இரைப்பையின் பயாப்ஸி முடிவு. டிஸ்சார்ஜ் அன்று வந்திருக்காது. எந்த அறையில், எந்தத் தேதிக்குப் பிறகு, எந்த நம்பரைச் சொல்லி வாங்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கீமோதெரபி வேண்டுமா என்று முடிவெடுப்பது இதை வைத்துத்தான். தொற்று வந்து ஆறத் தாமதமானால் கீமோவும் தள்ளிப்போகும். அதனால்தான் சீழை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்று இத்தனை அடித்துக்கொள்கிறோம்.

ஆறு, இரவில் கூப்பிட ஒரு நம்பர். ஓ.பி. நம்பர் வேண்டாம். சர்ஜிக்கல் வார்டு அல்லது ட்யூட்டி டாக்டர் நம்பர் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள்.

இவை அனைத்தையும் ஃபோனில் படம் எடுத்து மகன், மகள், மருமகன் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காகிதத்தைப் பீரோவில் பூட்டாதீர்கள்.

தர மறுத்தால்? 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்றுதான் பதில் வரும். வெள்ளைத் தாளில் நோயாளி பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, வேண்டிய ஆவணங்களின் பட்டியல் ஆகியவற்றை எழுதி, நோயாளி கையெழுத்தோடு மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அரசு மருத்துவமனை என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடமோ டீன் அலுவலகத்திலோ கொடுக்கலாம். அங்கும் நடக்கவில்லையா, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில்.

திரும்பப் போகும்போது

முடிந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். ஓ.பி. நாள் எது என்று பார்க்காதீர்கள், சீட்டு வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்: “இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு, நாடி இவ்வளவு.” “உடம்பு முடியல” என்று சொன்னால் ஓரமாக உட்காரச் சொல்வார்கள்.

தொலைவு என்றால் 108-ல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, ஆக்சிஜன், சலைன், முதல் ஆன்டிபயாடிக் ஆகியவற்றைத் தொடங்கிவிட்டு, மேல் சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஆபரேஷன் செய்த இடத்துக்கோ மாற்றச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் போடும் முன் கிருமி வளர்ப்புக்கு ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், ஆனால் அதற்காக மருந்து தாமதமாகக் கூடாது. கசிவு இருக்கிறதா என்று பெரும்பாலும் சாய மருந்து கொடுத்து எடுக்கும் சி.டி. ஸ்கேனில் தெரியும். கசிவு என்றதும் எல்லாருக்கும் மறு ஆபரேஷன் என்று இல்லை. பலருக்கு ஸ்கேன் பார்த்து டியூப் வைத்துச் சீழை வடிப்பது, எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் வைப்பது, ஆன்டிபயாடிக், டியூப் வழி உணவு என்று சரியாகிவிடும். சீக்கிரம் போனவர்களுக்குத்தான் இந்த வழிகள் மிஞ்சும்.

அவசரத்தில் வந்தவரை “பணம் கட்டுங்க”, “போலீஸ் கேஸா” என்று எந்த மருத்துவமனையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு, தனியார் என்ற பேதமில்லை. பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. “சொந்தப் பொறுப்பில் கூட்டிச் செல்கிறோம்” என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பினாலும் ஆவணங்களைப் பெறும் உரிமை போய்விடாது.

காப்பீட்டு அட்டை

ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்த அன்றே இதை முடியுங்கள். காய்ச்சலில் தூக்கிக்கொண்டு வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

மறுபடி அட்மிட் ஆகும்போது ஒப்புதல் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். அதை வாங்குவது மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் உள்ளவர்களின் வேலை, உங்கள் வேலையில்லை. “இது காம்ப்ளிகேஷன், கார்டில் வராது” என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அப்போது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம், முதல்வரின் முகவரி 1100-க்கும் சொல்லலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

தவறு நடந்ததாக நினைத்தால்

கசிவு வந்ததே டாக்டரின் தவறு என்று கிளம்பாதீர்கள். கைதேர்ந்த சர்ஜனின் கையிலும் நூற்றில் சிலருக்கு இணைப்பு கசியும். சம்மதப் படிவத்தில் அது எழுதியிருக்கும், நாம்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். வார்டில் கண்ணாடியை உடைப்பவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே உடைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாடியும் சி.ஆர்.பி.யும் ஏறியபோது யாராவது பார்த்தார்களா? பார்த்தும் ஸ்கேன் எடுக்காமல் விட்டார்களா? எகிறிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பினார்களா? இதற்குச் சாட்சி வார்டு சார்ட்டும் நீங்கள் எழுதிய நோட்டும்தான்.

தனியார் மருத்துவமனை மீதான புகாரை மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இழப்பீடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் கட்டிப் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளை இந்த வழியில் கேட்க முடியாது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆலோசனைக்கு 1915-ஐ அழைக்கலாம். இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம் போலத் தெரியும். துக்கத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும், பிறகு ஆவணம் தேட ஆறு மாதம் ஆகும். ஆவணத்தை முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கேள்வி. பல மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்யும் உங்களால், தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்துக் கொடுக்க முடியாதா? எத்தனை டிகிரி, எத்தனை நாடி, எந்த நம்பர் என்று மூன்று வரி. இப்போது ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ‘ஏதாவது இருந்தால் வரவும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அந்த ‘ஏதாவது’ என்ன என்று படிக்கத் தெரியாத விவசாயிக்கு யார் சொல்வது? சுகாதாரத் துறை ஓர் உத்தரவில் இதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நோயாளியின் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்: அறுவை நடந்த தேதி, 100.4 டிகிரி, நாடி 100, வார்டு ஃபோன் நம்பர். மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த எண்களைத் தாண்டினால் மாத்திரையைத் தேடாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்.